சோலார் கலெக்டரில் நானோப் பாய்மம்: 28 சதவீதம் என்கிறார்கள், எனக்கு 11 வந்தது, நம்பலாமா?

மாரிமழை · ஜூன் 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன், பொறியியல் இறுதி ஆண்டு மாணவி. தட்டைத் தகட்டு சூரிய நீர்சூடாக்கியில் வெறும் தண்ணீருக்குப் பதிலாக நானோப் பாய்மம், அதாவது மிக நுண்ணிய துகள் கலந்த திரவம், ஓடவிட்டால் வினைத்திறன் எவ்வளவு கூடும் என்பதுதான் என் ஆய்வுச் செயற்றிட்டம்.

2 சதுர மீற்றர் கலெக்டர் ஒன்று, செப்புத் தகடு, 10 மில்லிமீற்றர் செப்புக் குழாய் 8. சின்னப் பம்ப் ஒன்று நிமிடத்துக்கு 2.4 லீற்றர் சுற்றவிடுகிறது. காய்ச்சி வடித்த தண்ணீரில் லீற்றருக்கு 2 கிராம் அலுமினியம் ஒட்சைட்டு நானோத் தூள் போட்டு, மீயொலிக் குளியலில் வைத்துக் கலக்கினேன். பார்த்தால் அரிசி கழுவின தண்ணீர் மாதிரியே இருக்கும். தூள் படியாமல் இருக்க அமிலம் கொஞ்சம் விட்டு பிஎச் 4க்குக் கொண்டுவந்தேன்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர், புதன்கிழமை நானோ. வினைத்திறன் 11 சதவீதம் கூடியது. ஆனால் 2012இல் ஈரானில் செய்து வெளியிட்ட ஆய்வில் இதே அலுமினியம் ஒட்சைட்டை, நிறைப்படி 0.2 சதவீதம் மட்டும் கலந்து 28.3 சதவீதம் கூடியதாக இருக்கிறது. நானும் அதே அளவுதான் கலந்தேன். மிச்சம் 17 எங்கே போனது? எதைப் பிழையாகச் செய்தேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உமிப்பொயிலர் · ஜூன் 7, இரவு 10.15

தங்கச்சி, நல்ல நேரத்தில் இதைத் தொடங்கினீர்கள். சம்மாந்துறையில் எங்களுக்கு அரிசி ஆலை. புழுங்கலுக்கு நெல் ஊறவைக்கும் தண்ணீரை உமிப் பொயிலரில் சூடாக்கும் முன் கொஞ்சம் சூடேற்றிக் கொடுக்க, கூரையில் 16 பெனல் போட்டிருக்கிறோம். போன மாதம் ஒருவர் வந்து, கேனில் நானோத் திரவம் இருக்கிறது, ஊற்றினால் 30 சதவீதம் கூடும் என்றார். விலையைக் கேட்டு வாப்பா எழும்பிப் போய்விட்டார். எனக்கு மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாங்கலாமா?

வாவிக்கரை · ஜூன் 8, காலை 6.20

பிள்ளை, 17 எங்கே போனது என்று கேட்கிறீர்கள். நான் அந்த 11 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன். கோபிக்க வேண்டாம், நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், அதனால்தான் நேரம் எடுத்து எழுதுகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் 30 வருடம் வெப்பம் படிப்பித்தவன் நான். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

லீற்றருக்கு 2 கிராம். அலுமினியம் ஒட்சைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 4 மடங்கு. அப்படியானால் 1000 மில்லிலீற்றரில் தூள் பிடிக்கும் இடம் அரை மில்லிலீற்றர், கனவளவில் 0.05 சதவீதம். இப்படி ஐதான கலவையின் வெப்பக் கடத்தாறுக்கு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் திறனுக்கு, இயற்பியலாளர் மக்ஸ்வெல் 19ஆம் நூற்றாண்டிலேயே சூத்திரம் தந்துவிட்டார். தூள் நன்றாகக் கடத்துகிற பொருளாக இருந்தால், கனவளவுச் சதவீதத்தை மூன்றால் பெருக்கினால் போதும். 0.05ஐ மூன்றால் பெருக்கினால் 0.15 சதவீதம். உங்கள் பாய்மத்தின் கடத்தாறு கூடியது அவ்வளவுதான்.

நானோத் துகள் மக்ஸ்வெலை மீறும் என்று ஒரு காலம் பெரிய பேச்சு இருந்தது. அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் சோய் 1995இல் நானோப் பாய்மம் என்று பெயர் வைத்த பிறகு, ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். 2009இல் உலகெங்கும் 30க்கு மேற்பட்ட ஆய்வுகூடங்கள் ஒரே மாதிரிகளை வாங்கி, தங்கள் தங்கள் கருவியால் அளந்தன. பழைய சூத்திரத்தை மீறிய அதிசயம் ஒன்றும் அகப்படவில்லை.

சரி, தூளைக் கூட்டுவோம். கனவளவில் 1 சதவீதம், அதாவது லீற்றருக்கு 40 கிராம். கடத்தாறு 3 சதவீதம் கூடும். உங்கள் குழாயில் ஓட்டம் அமைதியான அருவி ஓட்டம், ஆகவே குழாய்ச் சுவரிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் போகும் குணகமும் அதே 3 சதவீதம்தான் கூடும். இதனால் கலெக்டருக்கு என்ன இலாபம்?

வெயில் சதுர மீற்றருக்கு 800 வாட். உள்ளே வரும் தண்ணீர் வெளிக்காற்றைவிட 30 பாகை கூட. தகட்டிலிருந்து வெளியே போகும் இழப்பு, பாகைக்கு 5 வாட் என்று வையுங்கள். நான் போட்ட கணக்கில் தண்ணீருக்குள் போவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 450 வாட். குழாய்ச் சுவருக்கும் தண்ணீருக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் 6.3 பாகை. நானோ விட்டால் அது 6.1 ஆகும். தகடு 0.2 பாகை குளிர்ந்து ஓடும். பாகைக்கு 5 வாட் என்றால் மிச்சம் 1 வாட்.

450இல் 1 வாட், பிள்ளை.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். உலகத்திலேயே சிறந்த பாய்மம் கிடைத்து, அந்த 6.3 பாகை முழுவதும் இல்லாமல் போனது என்று வைத்தாலும் மிச்சம் 31 வாட். 7 சதவீதம். இந்த மாதிரிக் கலெக்டரில் பாய்மத்தை மாத்திரம் மாற்றி அதற்கு மேலே எவராலும் போக முடியாது. 11 அந்தக் கூரையையும் உடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே அது பாய்மத்திலிருந்து வரவில்லை.

மாரிமழை · ஜூன் 8, காலை 8.05

சேர், இரண்டு தரம் வாசித்தேன். நெஞ்சு கொஞ்சம் அடைத்துவிட்டது. 11 வந்ததும் வழிகாட்டி விரிவுரையாளர் சந்தோஷப்பட்டு, கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் என் அளவீட்டில் பிழை எங்கே?

வாவிக்கரை · ஜூன் 8, காலை 8.50

வெப்பநிலையை எதால் அளந்தீர்கள்? செவ்வாய், புதன் இரண்டு நாளும் காற்று எப்படி?

மாரிமழை · ஜூன் 8, காலை 9.10

வெப்பவிணை (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி), கலெக்டரின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, அரைப் பாகை கூடக் குறையக் காட்டும். உள்ளே வெளியே வித்தியாசம் 5 பாகைக்குக் கிட்ட. செவ்வாய் நல்ல கச்சான் காற்று, மணல் எழும்பி அடித்தது. புதன் காற்றே இல்லை.

எழுதும்போதே விளங்குகிறது சேர்.

வாவிக்கரை · ஜூன் 8, காலை 9.45

அதேதான். கச்சான் அடிக்கும் நாளில் கண்ணாடி மேலாகப் போகும் வெப்பம் கூடும். தண்ணீருக்குக் காற்று நாள், நானோவுக்கு ஓய்ந்த நாள். போட்டியே சமமில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு முனையிலும் அரைப் பாகை பிழை என்றால் வித்தியாசத்தில் சேர்த்து 0.7. 5இல் 0.7 என்பது 14 சதவீதம். உங்கள் 11 அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

செய்ய வேண்டியது இது. இரண்டு வெப்பவிணையையும் ஒரே நூலில் கட்டி, முதலில் ஐஸ் தண்ணீரிலும் பிறகு சூடுதண்ணீரிலும் ஒன்றாக விட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எழுதி வையுங்கள். அப்புறம் இரண்டு கலெக்டர் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வெயில், ஒரே காற்று. முதல் நாள் இரண்டிலும் தண்ணீர். அடுத்த நாள் ஒன்றில் நானோ. அதற்கு அடுத்த நாள் மாற்றி மற்றதில். ஓட்டத்தை மீற்றரில் பார்ப்பதோடு விடாமல் வாளியும் மணிக்கூடும் வைத்து நிறுத்துப் பாருங்கள்.

மாரிமழை · ஜூன் 8, காலை 10.00

என்னிடம் ஒரு கலெக்டர்தான் இருக்கிறது சேர்.

பாசிக்குடா_பைப் · ஜூன் 8, மதியம் 1.30

தங்கச்சி, என்னிடம் இருக்கிறது. ஹோட்டல்களில் சூடுதண்ணி வேலை செய்கிற ஆள் நான். கழற்றிப் போட்ட பெனல் நாலைந்து வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. 2 சதுர மீற்றர், செப்பு, நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஒன்றைக் கழுவித் துடைத்து லொறியில் ஏற்றிவிடுகிறேன். வேலை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும்.

அரிசி ஆலைக் காக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நானோவை விடுங்கள், முதலில் பெனலைத் திறந்து பாருங்கள். போன கிழமை திறந்த ஒன்றைச் சொல்கிறேன். மேலால் பார்த்தால் புதுசு. பின்தகட்டைக் கழற்றியதும் கண்ணாடிக் கம்பளி ஈரத்தில் ஊறிக் கட்டி கட்டியாக விழுந்தது. மாரிக்கு மூலையால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே நகத்தை விட்டேன், நகம் உள்ளே போனது. ஒட்டு விட்டு, கம்பிப் பிடியில் மட்டும் தொங்குகிறது. கண்ணாடி மேல் கடல் உப்பு, விரலால் இழுத்தால் கோடு விழுகிறது. இதற்குள் எந்தத் திரவத்தை ஊற்றி என்ன?

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் குழாய்க்குள் உப்புப் படிவதும் பெரிய தொல்லை. அந்தப் படிவு சூட்டைத் தடுக்கிறது.

உமிப்பொயிலர் · ஜூன் 8, மதியம் 2.20

அண்ணன், எங்கள் பெனலில் குழாய் கம்பியால்தான் கட்டியிருக்கிறது. அதனால் அவ்வளவு நட்டமா?

வாவிக்கரை · ஜூன் 8, மாலை 4.40

பைப் தம்பி சொன்னதில் ஒட்டுத்தான் முதல் எதிரி. நல்ல ஒட்டு, குழாயின் ஒரு மீற்றர் நீளத்துக்கு பாகைக்கு 30 வாட்டுக்கு மேல் கடத்த வேண்டும் என்பது பழைய விதி. கம்பிக்கட்டு 5 தான் கடத்துகிறது என்று வைத்துப் பாருங்கள். தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் மட்டும் 10 பாகை விழும். கலெக்டர் எடுக்கும் வெப்பத்தில் 10 சதவீதம் அந்த இடுக்கிலேயே போய்விடும். நானோ தருவது 0.2 சதவீதம்.

காக்காவின் 16 பெனலையும் 32 சதுர மீற்றர் என்று எடுத்தால், நானோவால் வரும் இலாபம் எல்லாம் சேர்த்து 32 வாட். ஆலை வாசலில் இரவில் எரிகிற ஒரு பல்பு. ஒட்டைச் சரி செய்தால் 1400 வாட்டுக்குக் கிட்ட.

தகட்டுப் பூச்சையும் பாருங்கள். சாதாரண கறுப்புப் பெயின்ட் வெயிலை நன்றாக உறிஞ்சும், ஆனால் உறிஞ்சிய சூட்டை அதே மாதிரி வெளியே கதிர்வீசிவிடும். 1950களில் இஸ்ரேல் விஞ்ஞானி ஹரி தாபோர் கொண்டுவந்த தேர்வுப் பூச்சு, வெயிலை உள்ளே எடுக்கும், தன் சூட்டை வெளியே விடாது. ஒற்றைக் கண்ணாடிப் பெனலில் இழப்பை பாகைக்கு 7 வாட்டில் இருந்து 4க்குக் கொண்டுவரலாம். 30 பாகை வித்தியாசத்தில் அது சதுர மீற்றருக்கு 90 வாட்.

உப்புப் படிவைப் பற்றி மட்டும் தம்பியோடு ஒத்துப்போக மாட்டேன். 1 மில்லிமீற்றர் படிவு வெப்பத்துக்குப் போடும் தடை ஒரு பாகையளவுதான். ஆனால் 10 மில்லிமீற்றர் குழாய் 8 ஆகச் சுருங்கினால் ஓட்டத்துக்குத் தடை இரண்டரை மடங்கு. பம்ப் இல்லாமல் தானாகச் சுற்றும் சூடாக்கியில் அதுதான் ஆளைக் கொல்லும்.

பாசிக்குடா_பைப் · ஜூன் 8, மாலை 5.15

ஒத்துக்கொள்கிறேன் சேர். அடைத்த பெனலில் மேல்பக்கம் கொதிக்கும், தண்ணீர்த் தாங்கி குளிர்ந்துபோய் இருக்கும். இப்போது காரணம் விளங்குகிறது.

பீக்கர் · ஜூன் 8, இரவு 8.30

ஒலுவிலில் இருந்து எழுதுகிறேன், என் துறை இரசாயனம். தங்கச்சி, பிஎச் 4 என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். அந்த அமிலத்தில் அலுமினியம் ஒட்சைட்டுத் துகள்கள் நேர் ஏற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளி நிற்கும், படியாது. தூளுக்கு நல்லது. செப்புக் குழாய்க்கு? பாய்மத்தின் நிறம் மாறியிருக்கிறதா பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் இதைக் கலக்கலாம் என்று எவராவது நினைத்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். மாரிக்கு வாவியில் கலங்கல் தண்ணீர் எப்படி வரும் என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நுண்வண்டல் நன்னீரில் மிதந்தே வரும். முகத்துவாரப் பக்கம் உப்புத் தண்ணீரைச் சந்தித்ததும் துகள்களின் ஏற்றம் மறைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் இறங்கும். கிணற்று உப்பு உங்கள் நானோவுக்குச் செய்வதும் இதைத்தான். திரண்ட பிறகு அது நானோ இல்லை, வெறும் சேறு.

மாரிமழை · ஜூன் 8, இரவு 9.00

மிஸ், இப்போதுதான் போத்தலை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய பச்சை ஓடியிருக்கிறது.

பீக்கர் · ஜூன் 8, இரவு 9.10

அது உங்கள் குழாயின் செப்பு. உடனே வடித்துவிடுங்கள்.

உமிப்பொயிலர் · ஜூன் 9, காலை 7.00

இன்னொரு சந்தேகம். அந்தத் திரவத்தை ஊற்றினால் நெல் ஊறும் தண்ணீரிலேயே கலந்துவிடாதா?

வாவிக்கரை · ஜூன் 9, காலை 7.40

கலக்கும் காக்கா, அதனால் நேரே ஊற்றவே கூடாது. சாப்பிடும் அரிசி அது. கலெக்டருக்கு மூடிய சுற்று ஒன்று, நடுவில் வெப்பமாற்றிச் சுருள், மறுபக்கம் உங்கள் தண்ணீர் என்று பிரிக்க வேண்டும். அந்தச் சுருளைத் தாண்டவே 5 பாகையாவது வேண்டும், அதாவது சதுர மீற்றருக்கு 25 வாட் இழப்பு. 1 வாட் சம்பாதிக்க 25 வாட் செலவு.

மாரிமழை · ஜூன் 9, இரவு 8.15

சேர், ஒரு கேள்வி மிச்சம். சில கட்டுரைகளில் வெப்ப இயக்கவியலின் முதலாம் விதிப்படி கூடாவிட்டாலும் இரண்டாம் விதிப்படி எந்திரப்பி (என்ட்ரோபி) உருவாக்கம் குறைகிறது, எக்சர்ஜி (வேலையாக மாற்றக்கூடிய சக்தி) வினைத்திறன் கூடுகிறது என்கிறார்கள். அது சரியா?

வாவிக்கரை · ஜூன் 9, இரவு 9.30

வெளியே 30 பாகை, தண்ணீர் 60 பாகை. அந்த வெப்பத்திலிருந்து ஆகக்கூடியது எவ்வளவு வேலை எடுக்கலாம்? 303ஐ 333ஆல் பிரித்து ஒன்றிலிருந்து கழித்தால் 9 சதவீதம். 450 வாட் வெப்பத்தின் எக்சர்ஜி 40 வாட்தான். வெயிலின் எக்சர்ஜியோ 800இல் 93 சதவீதம், கிட்டத்தட்ட 745. ஆக 5 சதவீதம் சொச்சம்.

மற்றதெல்லாம் எங்கே அழிகிறது? 5800 கெல்வினில் புறப்பட்ட ஒளி, 340 கெல்வின் தகட்டில் விழுந்து சூடாக மாறும் அந்தக் கணத்தில். பெரும்பங்கு அங்கேதான். குழாய்ச் சுவருக்கும் தண்ணீருக்கும் இடையிலான 6 பாகையில் உருவாகும் எந்திரப்பி அதற்குப் பக்கத்தில் வைக்கவே முடியாத அளவு சின்னது. அந்தச் சின்னத் துண்டை மட்டும் எடுத்து, அதில் இத்தனை சதவீதம் குறைந்தது என்றால் எண் பெரிதாகத்தான் தெரியும். பிசுக்குமை (திரவத்தின் கெட்டித்தன்மை) கூடியதால் பம்புக்குக் கூடுதலாகப் போகும் மின்சாரம் முழு எக்சர்ஜி, அதையும் கழிக்க வேண்டும்.

இப்படியெல்லாம் எழுதுவதால் நானோப் பாய்மத்தையே நான் வேண்டாம் என்பதாக எடுக்காதீர்கள். அதற்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். தகட்டையே எடுத்துவிடுங்கள். கண்ணாடிக் குழாயில் கரித்துகள் கலந்த பாய்மம், வெயில் நேரே பாய்மத்துக்குள் விழுகிறது, துகளே உறிஞ்சுகிறது. தகடு, ஒட்டு, குழாய்ச் சுவர் என்று வெப்பம் தாண்ட வேண்டிய வரிசையே இல்லை. சூடு மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே பரவும். நேரடி உறிஞ்சல் கலெக்டர் என்பார்கள். 2009இல் கணக்கால் 10 சதவீதம் வரை எதிர்பார்த்தார்கள், 2010இல் சின்ன அளவில் செய்து பார்த்து 5 சதவீதம் வரை கண்டார்கள். இங்கே துகளின் வேலை கறுப்பாக இருப்பது. வெப்பம் கடத்துவதை நம்பி அதைப் போடவில்லை. அதனால் மிகக் கொஞ்சம் போதும். வில்லையால் குவித்த வெயிலிலும் உயர்ந்த வெப்பநிலையிலும் இதன் பலன் இன்னும் கூடும். இந்த வயதில் எனக்கு ஒரு ஆய்வுகூடம் கிடைத்தால் நான் அதைத்தான் செய்வேன்.

மாரிமழை · ஜூன் 27, இரவு 10.20

கொஞ்ச நாள் வரவில்லை, மன்னிக்கவும். கூரையிலேயே இருந்தேன்.

அண்ணன் அனுப்பிய பெனல் வந்தது, நன்றி. மிஸ் சொன்னதை வைத்து அமிலம் சேர்க்காமல், புதுத் தூளைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, ஒவ்வொரு நாளும் காலையில் புதிதாகவே ஓட்டினேன். வெப்பவிணை இரண்டையும் ஐஸில் விட்டபோது ஒன்று 0.4 பாகை கூடக் காட்டியது. அதுவே என் 11 முழுவதையும் தின்றுவிடும், ஏனென்றால் புதன்கிழமை வெப்பவிணைகளைக் கழற்றி, இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன்.

இரண்டிலும் தண்ணீர் விட்ட நாளில், அண்ணனின் பெனல் என்னுடையதைவிட 4 சதவீதம் குறைவாக எடுத்தது. பிறகு நானோவை ஒரு நாள் அதில், மறுநாள் இதில் என்று 6 நாள். 4ஐக் கழித்துப் பார்த்தால் நானோவுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் சில நாள் ஒன்று கூட, சில நாள் ஒன்று குறைய. என் பிழை அளவு 3. அதாவது வித்தியாசம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை.

வழிகாட்டியிடம் தரவு எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன். அரை மணித்தியாலம் பேசாமல் பார்த்தார். பிறகு, இதையே எழுது என்றார். கடைசி அத்தியாயத்தில் கண்ணாடிக் குழாயும் கரித்துகளும் செய்து பார்க்கவும் ஒத்துக்கொண்டார்.

உமிப்பொயிலர் · ஜூன் 28, காலை 6.50

மாஷா அல்லாஹ் தங்கச்சி. எங்கள் பக்கச் செய்தி: பைப் அண்ணன் வந்து முதல் 4 பெனலைத் திறந்து, குழாயைத் தகட்டோடு ஈயம் வைத்து ஒட்டி, கம்பளி மாற்றி, மூலைகளை அடைத்துத் தந்தார். கண்ணாடியைக் கிழமைக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். 2 மணிக்கு அந்த நாலின் குழாயைக் கையால் பிடிக்க முடியவில்லை, மற்றப் பன்னிரண்டையும் பிடிக்கலாம். பொயிலர்காரப் பொடியன் உமி குறைவாகப் போடுகிறேன் என்கிறான், இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை. வாப்பா மிச்சத்தையும் செய்யச் சொல்லிவிட்டார்.

வாவிக்கரை · ஜூன் 28, காலை 7.15

நிறுத்துப் பாருங்கள் காக்கா. ஒட்டிய நாலையும் ஒட்டாத நாலையும் ஒரு கிழமை பிரித்து அளந்துவிட்டு, அதற்குப் பிறகு மிச்சத்தில் கை வையுங்கள். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

மாரிமழை · ஜூன் 28, இரவு 8.00

மிஸ், பழைய அமிலப் பாய்மம் 12 லீற்றர் வாளியில் மூடி வைத்திருக்கிறேன். கானில் ஊற்ற மனமில்லை, அது நேரே வாவிக்குத்தான் போகும். என்ன செய்வது?

பீக்கர் · ஜூன் 28, இரவு 8.25

ஊற்றாமல் வைத்தது நல்ல காரியம். கையுறை போட்டுக்கொண்டு, அப்பச்சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, நுரை நிற்கும் வரை கலக்குங்கள். அமிலம் போய்விடும், துகள் ஏற்றம் இழக்கும், செப்பும் சேர்ந்து படியும். ஒரு பிடி உப்பும் போட்டு இரவு அசைக்காமல் வையுங்கள். தெளிந்ததைத் தனியாக வடித்து, அடியில் உள்ளதை ஈரமாகவே போத்தலில் அடைத்து ஆய்வுகூடக் கழிவோடு கொடுங்கள். காயவிட்டுத் தூளாக்க வேண்டாம், மூச்சோடு உள்ளே போகும்.

மாரிமழை · ஜூன் 29, காலை 6.10

மிஸ், இப்போதுதான் மூடியைத் திறந்தேன். மேலே வாளியின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். கீழே இளம்பச்சை கலந்த வெள்ளையாக ஒரு மெல்லிய படை, முகத்துவாரத்துச் சேறு மாதிரி மெத்தென்று.

போத்தலில் அடைத்து, பெயரும் திகதியும் எழுதி ஒட்டியாயிற்று. பத்து மணி பஸ்ஸில் கொண்டுபோகிறேன்.